ரூட் ஐந்தை அப்படியே விடு

ஆந்திர இன்டர்மீடியட் பரீட்சைக் கூடத்துக்குள் கால்குலேட்டர் போகாது. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் அதே சட்டம்தான். அதனால் எங்கள் ஊர் பலமனேர்ப் பிள்ளைகளுக்கு சைன் 18 பாகையும் டேன் ஏழரைப் பாகையும் கையால் செய்துகொள்ள வேண்டியவை. முக்கோணவியல் முற்றொருமைகளைக் கருவியாக வைத்துக்கொண்டு, தசமப் புள்ளியே போடாமல், வர்க்கமூலக் குறிகளோடு அவற்றின் சரியான மதிப்பைக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போய்விடுவார்கள். அப்படி மதிப்பைக் கொண்டுவருவதை ஒரு தொழிலாகக் கற்கலாம் என்பது எனக்குத் தெரிந்தது கணக்கில் பட்டம் வாங்கிய பிறகுதான், ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் டியூஷன் உதவிக்குச் சேர்ந்தபோது.

சாருக்குப் பூர்வீகம் குடியாத்தம் பக்கம். வேலை பார்த்ததெல்லாம் ஆந்திர அரசுப் பள்ளிகளில். வகுப்பைத் தெலுங்கில் நடத்துவார், என்னிடம் தமிழில் பேசுவார், தெருமுனைப் பிள்ளைகளை உருதுவில் அதட்டுவார். மாடி வராந்தாவில் ஒரு கரும்பலகை, கீழே பாய்கள், சுவரோரம் நோட்டு அடுக்கு. எனக்குக் கொடுத்த முதல் வேலை நோட்டுத் திருத்துவது. திருத்துவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளை எழுதிய வழியைப் பார்ப்பதற்கு முன்னால், விடை எந்தக் குறியில் வரும், எதற்கும் எதற்கும் நடுவில் விழும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். சைன் 15 பாகையா? சைன் 30 அரை. சைன் வளைவு ஏறும்போது வேகம் குறைந்துகொண்டே போகும். ஆகவே பாதித் தூரத்தில் பாதி உயரத்தைவிடச் சற்று மேலே இருக்கும், காலைவிடக் கொஞ்சம் அதிகம். இதை எழுதிவிட்டுத்தான் நோட்டைப் புரட்டலாம். "அளவு தெரியாம சூத்திரத்துல கை வைக்காதம்மா" என்பார்.

அடுத்தது, எந்தக் கோணம் எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பது. 30, 45, 60 மூன்றும் ஒரு வீடு. சமபக்க முக்கோணத்தையும் சதுரத்தையும் பாதியாக வெட்டினால் கிடைப்பவை. 45-லிருந்து 30-ஐக் கழித்தால் 15. அதைப் பாதியாக்கினால் ஏழரை, மறுபடி பாதியாக்கினால் மூன்றே முக்கால். 499-இல் ஆர்யபடர் கால் வட்டத்தை 24 பங்காக வெட்டிக் கொடுத்த சைன் அட்டவணையின் ஒரு படி சரியாக இந்த மூன்றே முக்கால் பாகைதான். வட்டத்தின் ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டால் அந்த முதல் படியின் சைன் 225 வரும், அவர் அட்டவணையும் 225 என்றுதான் தொடங்குகிறது. அந்த 24 படிகளில் ஒன்றுகூடப் பாதியாக்கலுக்கும் கூட்டல் கழித்தலுக்கும் தப்பாது. 18, 36, 54, 72 இன்னொரு வீடு, ஐங்கோணத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் செய்து வைத்தால், 18-லிருந்து 15 போக, 3 பாகை பிறக்கும். அதன் மடங்குகள் எல்லாம் நம் கைக்குள் வந்துவிடும்.

15 பாகையில் எனக்கு நிறைய நாள் போனது. விடை தெரியாமல் இல்லை. சார் அந்த விடையை இரண்டு வழியில் கேட்டார். கழித்தல் சூத்திரத்தில் போனால் சைன் 15° = (√6 − √2)/4. அரைக்கோணச் சூத்திரத்தில் போனால் சைன் 15° = √(2 − √3)/2. ஒன்றில் ரூட் ஆறும் ரூட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மற்றொன்றில் ரூட்டுக்குள் ரூட். பார்த்தால் உறவே தெரியாது. இரண்டையும் தசமமாக்கி 0.2588 என்று காட்டினால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள், சார் ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு தசம இடம் ஒத்துப்போவதால் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடாது. முதலாவதை வர்க்கப்படுத்து என்றார். √6 − √2-இன் வர்க்கம் 8 − 2√12, அதாவது 8 − 4√3. அதை 16-ஆல் வகுத்தால் (2 − √3)/4. இரண்டாவதன் வர்க்கமும் அதுதான். இரண்டுமே மிகை எண்கள், ஆகவே இரண்டும் ஒன்று. நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரிக்குப் பிறகு, புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் விடையோடு தன் விடை ஒத்துப்போகவில்லை என்று கண் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நுழைவுத் தேர்வில் கொடுக்கும் நாலு விடைகளில் அதே எண் வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கம்.

இந்தப் பாதையில் இன்னும் ஒரு படி போய் ஏழரைப் பாகைக்கு காட் கண்டுபிடித்தால் √2 + √3 + √4 + √6 என்று வரும். 1 + கொசைன் 15-ஐ சைன் 15-ஆல் வகுத்து, பகுதியிலுள்ள ரூட்டுகளை நீக்கினால் போதும். ரூட் நாலு என்பது வெறும் 2தான். ஆனாலும் வரிசை அழகுக்காக அதை √4 என்றே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இனி 18 பாகை. இது இன்டர் முதல் ஆண்டில் எல்லாரும் செய்வது. 18-இன் ஐந்து மடங்கு 90. ஆகவே இரு மடங்கும் மும்மடங்கும் ஒன்றுக்கொன்று நிரப்புக் கோணங்கள், இரு மடங்கின் சைனும் மும்மடங்கின் கொசைனும் சமம். இரண்டையும் விரித்து எழுதி, இரு பக்கத்திலும் பொதுவாக இருக்கும் கொசைன் 18-ஆல் வகுத்துவிட்டால், சைனை ய என்று வைத்தபோது 4ய² + 2ய − 1 = 0 என்ற இருபடிச் சமன்பாடு மிஞ்சும். தீர்த்தால் (−1 ± √5)/4. 18 குறுங்கோணம், சைன் மிகையாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே (√5 − 1)/4 என்று எழுதி, மற்ற மூலத்தைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். புத்தகமும் அப்படித்தான் செய்கிறது. தப்பே இல்லை.

சார் அந்த இடத்தில் நிறுத்துவார். "புத்தகம் சரியாத்தான் சொல்லுது. ஆனா அந்த இன்னொரு மூலம் எங்கேருந்து வந்துச்சு? கூப்பிடாம எதுவும் வராதம்மா."

அதைத் தேடுவதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி. நாம் சமன்பாட்டிடம் சொன்னது ஐந்து மடங்கின் நிலையை மட்டும்தான், கோணம் 18 என்று சொல்லவேயில்லை. ஒரு முழுச் சுற்று கூடினால் நிலை மாறாது. ஆகவே 90-உடன் 360, 720 என்று கூட்டி ஐந்தால் வகுத்தால் 18, 90, 162, 234, 306 என்று ஐந்து கோணங்கள் வருகின்றன. வட்டத்தில் குறித்துப் பார்த்தால் அவை ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் ஐந்து முனைகள். 90 பாகையில் இருப்பது உச்சி முனை. அங்கே கொசைன் சுழி. கொசைனால் வகுத்தபோது நாம் கழற்றிவிட்டது அந்த உச்சியைத்தான். மிச்சம் நாலு முனை. 18-உம் 162-உம் ஒரே உயரம், (√5 − 1)/4. 234-உம் 306-உம் வட்டத்தின் கீழ்ப்பாதியில் ஒரே ஆழம், −(√5 + 1)/4. கோடு போட்டு அடித்த மூலம் அதுதான். அதன் குறியை மாற்றினால் கொசைன் 36 பாகை. அடுத்த கேள்விக்கு வேண்டிய விடையை, முந்தைய கேள்வியில் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நான் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு சின்ன இருபடிச் சமன்பாட்டுக்குள் முழு ஐங்கோணமும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், சைன்களை உண்டாக்கும் வழி சொல்லும் ஜ்யோத்பத்தி என்ற பகுதியில், பாஸ்கராச்சாரியார் 18-க்கும் 36-க்கும் ரூட் ஐந்து வைத்த விதியைக் கொடுக்கிறார். 18-க்கு அவர் கொடுத்தது ஆரத்தின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கி, மூலம் எடுத்து, ஆரத்தைக் கழித்து, நாலால் வகு என்ற செய்முறை. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் தாலமியும் ஐங்கோணத்திலிருந்துதான் தன் நாண் அட்டவணையைத் தொடங்கினார். எந்த ஊரில் செய்தாலும் ரூட் ஐந்து வந்தே தீரும்.

ஒரு பிள்ளை கேட்டது: 0.309 என்று எழுதினால் என்ன குறை, சார்? நல்ல கேள்வி. அதற்குப் பதிலைச் சார் வாயால் சொல்லவில்லை. பலமனேர் பக்கம் சுடுமண் வேலைக்குப் பேர் போனது. கார்த்திகைக்கு ஐந்து முக அகல் தட்டு செய்யும் வீட்டிலிருந்து ஒரு பையன் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்தான். வட்டத்தை ஐந்தாகப் பங்கிடுவது கண் மதிப்பில்தான் நடக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். சார் மொட்டை மாடியில் ஒரு ஆணி, சணல் கயிறு, சுண்ணக்கட்டி கொண்டுவரச் சொன்னார். அளவுகோல் கூடாது.

கயிற்றில் ஒரு வட்டம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஆரங்கள். நெட்டுக்குத்தான ஆரத்தின் நடுப்புள்ளியைக் கயிற்றை இரண்டாக மடித்துக் குறித்தோம். அந்த நடுப்புள்ளியிலிருந்து படுக்கை ஆரத்தின் முனைவரை கயிற்றை இழுத்துப் பிடித்தால் அதன் நீளம், பிதாகரஸ் சொன்னபடி, ஆரத்தின் √5/2 மடங்கு. அதிலிருந்து அரை ஆரத்தை மடித்துக் கழித்தால் மிஞ்சுவது (√5 − 1)/2. அது சைன் 18-இன் இரண்டு மடங்கு. அதாவது வட்டத்துக்குள் வரையும் பத்துக் கோணத்தின் ஒரு பக்கம். அந்தத் துண்டுக் கயிற்றை வைத்து வட்டத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டே போனான் பையன். பதினோராவது குறி முதல் குறியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ஐந்து முகம்.

தசமம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். (√5 − 1)/4 எப்படிச் செய்வது என்று சொல்கிறது. எதைச் செங்குத்தாக நிறுத்து, எதைப் பாதியாக்கு, எதைக் கழி என்ற அத்தனையும் அந்தக் குறிகளுக்குள் இருக்கிறது. அதை 0.309 என்று எழுதிவிட்டால் அந்த வழி முழுவதும் அழிந்துபோகும். கணக்கின் கடைசி வரிவரை "ரூட் அஞ்ச அப்படியே விடு" என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் வகுப்பிலும் அதையே சொல்கிறேன்.

தசமம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் பகுதிக்கே அதில் ஒரு பெரிய கதை உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக, கோணங்களை மட்டும் அளந்து, சைன் விதியால் பக்கங்களைக் கணக்கிட்டுக்கொண்டே மேற்கே மைசூர் மேட்டுக்கு ஏறினார்கள். அதே 1802-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி மைசூரின் கிழக்கு எல்லையை, அதாவது எங்களுக்கு மேற்கே இருக்கும் கோலார் பக்கத்தை, அளந்துகொண்டிருந்தார். கோலார் மண்ணில் தங்கம் அரித்தெடுப்பதைக் கண்டு எழுதிவைத்தவர் அவர்தான். 1804-இல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்ததும் அவரே. சென்னைக் கரையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு. அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவு கணக்கும் அச்சிட்ட அட்டவணை எண்களை நம்பித்தான் நடந்தது.

அட்டவணையில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குச் சார் லோனியின் முக்கோணவியல் புத்தகத்தைத் திறந்தார். 1893-இல் வந்தது. கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த ராமானுஜன் இரவல் வாங்கிப் படித்துத் தேறிய புத்தகம். அதில் அட்டவணைகளைச் சரிபார்ப்பதற்கென்று சூத்திரங்கள் இருக்கின்றன. ஆய்லர் தந்த ஒன்று இப்படிப் போகும். ஏதாவது ஒரு கோணத்தை எடுத்துக்கொள். அதன் சைன், 36-இலிருந்து அதைக் கழித்ததன் சைன், 72-உடன் அதைக் கூட்டியதன் சைன், இந்த மூன்றின் கூட்டுத்தொகையும், 36-உடன் அதைக் கூட்டியதன் சைன், 72-இலிருந்து அதைக் கழித்ததன் சைன், இந்த இரண்டின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். அட்டவணையின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும் ஐந்து எண்கள் இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி. சமம் வரவில்லையென்றால் ஐந்தில் ஒன்றில் பிழை.

36, 72 என்ற எண்களைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. இது நம் ஐங்கோணம்தானே! வட்டத்தில் ஐங்கோணத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் ஐந்து முனைகளின் உயரங்களைக் கூட்டினால் சுழிதான், ஏனென்றால் அதன் நடுப்புள்ளி வட்டத்தின் மையம். கீழ்ப்பாதி முனைகளை மறுபக்கம் கொண்டுபோனால் ஆய்லரின் சூத்திரம் அப்படியே நிற்கும். கோணம் 18 என்று வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இரண்டு சைன் 18-உம் சைன் 90-உம், மறுபக்கம் இரண்டு சைன் 54. இரண்டு பக்கமும் (√5 + 1)/2. அன்றைக்குச் சார் ஒன்றும் சொல்லாமல் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு இத நீ நடத்து" என்று கீழே இறங்கிப் போனார்.

அட்டவணை என்றதும், கோலார் பக்கம் அளந்த வாரனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பிற்காலத்தில் அவர் தென்னாட்டுக் காலக் கணக்கு முறைகளைத் திரட்டி, 1825-இல் காலசங்கலிதம் என்ற நூலாக வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கியும் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லியும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். அட்டவணையையே நாவில் வைத்திருந்தவர்கள் இருந்த நாடு இது. அதை நான் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்கிறேன்.

எல்லாக் கோணமும் வழிக்கு வராது. 20 பாகை வராது. அதன் மும்மடங்கு 60 என்பதை வைத்துக் கொசைன் 20-ஐத் தேடினால் முப்படிச் சமன்பாடு வருகிறது: 8ய³ − 6ய − 1 = 0. வர்க்கமூலங்களை எத்தனை அடுக்கு அடுக்கினாலும் இதன் மூலம் கிடைக்காது, கயிறும் ஆணியும் வைத்து 60 பாகையை மூன்றாகப் பங்கிட முடியாது என்று 1837-இல் பிரான்சில் வாண்ட்செல் நிறுவினார். பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அடித்த மூலத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் உதவும். இந்தச் சமன்பாட்டின் மற்ற இரண்டு மூலங்கள் கொசைன் 140-உம் கொசைன் 260-உம். அதாவது குறி மாறிய கொசைன் 40, கொசைன் 80. மூன்றையும் பெருக்கினால் 1/8. வர்க்கமூலங்களால் தனியாக ஒன்றைக்கூட எழுத முடியாத மூன்று எண்கள், பெருக்கினால் இத்தனை எளிய பின்னம் ஆகின்றன. கொசைன் 20, 40, 80-இன் பெருக்கல் எங்கள் இன்டர் பரீட்சையில் பழைய கேள்வி. சைன் 20-ஆல் பெருக்கி, இருமடங்குச் சூத்திரத்தை மூன்று முறை போட்டால் மூன்று வரியில் முடியும். மூன்று வரியில் முடித்தாலும் நான் முப்படிச் சமன்பாட்டையும் காட்டாமல் விடுவதில்லை. ஏன் 1/8 என்று அதுதான் சொல்கிறது.

இப்போது டியூஷனில் மாலை வகுப்பு என்னுடையது. சார் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 3 பாகையை நான் பலகையில் நிரப்பி எழுதுவேன்: [(√5 − 1)(√6 + √2) − √(10 + 2√5)(√6 − √2)]/16. இரண்டு வீட்டு ரூட்டுகளும் அதில் கலந்து நிற்கும். உடனே யாராவது ஒரு பிள்ளை கேட்கும், அப்படியென்றால் 1 பாகை? அது 20-இன் ஜாதி, முப்படி கேட்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கண்டில் அல் காஷி இதே முப்படியிடம்தான் வந்து நின்றார். விடையைத் திரும்பத் திரும்பச் சமன்பாட்டுக்குள்ளேயே ஊட்டித் திருத்திக்கொண்டு போகும் வழியை அவர் எடுத்தார். சைன் 1-இன் கனத்தை நாலால் பெருக்கிச் சைன் 3-உடன் கூட்டி மூன்றால் வகுத்தால் சைன் 1 வர வேண்டும். முதல் மதிப்பாகச் சைன் 3-இல் மூன்றில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்ளலாம், 0.0174453. அதன் கனம் 0.0000053. ஒரே ஒரு சுற்று ஊட்டினால் 0.0174524, அட்டவணையில் இருக்கும் அதே எண். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் காகிதத்தில் கையால் பெருக்கித்தான் செய்கிறார்கள். முதலில் முடித்த பிள்ளை பலகையில் வந்து எழுதும்.